தாலாட்டு மிக்ஸுக்கு மோட்டார் ஃபேடர்: ரீப்பரோடு இணைத்த அனுபவம்

அப்பத்தா பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்து, பேரப்பிள்ளைகள் கேட்கிற தரத்தில் மிக்ஸ் செய்து வைக்கும் வேலையில் இருக்கிறேன். அந்தப் பாட்டில் குரல் ஒரே அளவில் நிற்காது. மாமன் கொண்டுவரும் சீரைச் சொல்லும்போது ஏறும். வரி முடியும் இடத்தில் மூச்சோடு சேர்ந்து அடங்கிவிடும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை இறுக்கிப் போட்டால் அந்த ஏற்ற இறக்கமே செத்துப்போகிறது. மவுஸால் ஆட்டோமேஷன் கோடு (பாட்டு ஓட ஓட ஒலி அளவு எப்படி மாற வேண்டும் என்று காட்டும் கோடு) வரைந்தாலும் உயிர் வரவில்லை. கையால் ஏற்றி இறக்குவதுதான் இதற்குச் சரி என்று, மோட்டார் ஃபேடர் (ஒலி அளவை ஏற்றி இறக்கும், மோட்டாரால் தானாகவும் நகரும் தள்ளுகுமிழ்) உள்ள கன்ட்ரோல் சர்ஃபேஸ், அதாவது மிக்ஸ் மென்பொருளைக் கையால் இயக்கும் பெட்டி ஒன்று வாங்கினேன். எட்டு டிராக்குக்கு எட்டு, மாஸ்டருக்கு ஒன்று.

யு.எஸ்.பி.யில் செருகியதும் விண்டோஸ் அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் நான் மிக்ஸ் செய்யும் மென்பொருளான ரீப்பரில் எதுவும் அசையவில்லை. தேவகோட்டையில் ஒலிப்பெருக்கி வைத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். “மாப்ளே, முதல்ல பெட்டி எந்த மோடுல இருக்குன்னு பாரு. மேக்கி கன்ட்ரோல்ல வை. அப்புறம் ரீப்பர்ல இன்புட் மட்டும் குடுத்தா பாதி வேலைதான், அவுட்புட்லயும் அதே பெட்டியக் காட்டு” என்றான். மேக்கி கன்ட்ரோல் என்பது இந்த மாதிரிப் பெட்டியும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் ஒரு முறை. முழு விஷயமும் அவன் சொன்னதற்குள் இருக்கிறது.

ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் ‘கன்ட்ரோல்/ஓ.எஸ்.சி/வெப்’ பக்கத்தில் ‘ஆட்’ அழுத்தி, ‘மேக்கி கன்ட்ரோல் யுனிவர்சல்’ என்பதைத் தேர்ந்து, இன்புட், அவுட்புட் இரண்டிலும் கருவியின் பெயரைக் கொடுக்க வேண்டும். இன்புட் என்பது நம் விரல் சொல்வதை ரீப்பர் கேட்பதற்கு. அவுட்புட் என்பது ரீப்பர் திருப்பிச் சொல்வதற்கு. மோட்டார் நகர்வதும் பட்டன் விளக்கு எரிவதும் அதனால்தான். ஓகே கொடுத்ததும் ஃபேடர்கள் ‘சர்ர்ர்’ என்று எழுந்து திரையில் இருந்த அளவிலேயே போய் நின்றன.

மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை. சாதாரண மிடி குமிழ் 0 முதல் 127 வரைதான் எண் அனுப்பும். மேக்கி முறையில் ஃபேடரின் நகர்வு ‘பிட்ச் பெண்ட்’ செய்தியாகப் போகிறது. அது 14 பிட், அதாவது 16,384 படிகளுக்கு இடம் உண்டு. மெல்ல இறக்கும்போது குரல் படிப்படியாகக் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்க இது உதவுகிறது. விரல் ஃபேடரைத் தொட்டதும் தனியாக ஒரு நோட் செய்தியும் போகும். விரல் தொட்டிருக்கும்வரை மட்டும் மாற்றத்தைப் பதிவு செய்யும் ‘டச்’ ஆட்டோமேஷன் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது.

அந்தத் தொடுதல்தான் எங்கள் வீட்டில் சண்டித்தனம் செய்தது. விரல் வைத்தும் சில நேரம் பதிவாகவில்லை. லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் சுரீர் என்றது, ஹெட்போனில் ஹம். காரணம், வளவை (வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஒட்டிய அந்த அறையில் பழைய இரண்டு துளை பிளக்தான், எர்த்தே கிடையாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் உட்கார்ந்து ஒலி வேலை செய்ய நினைப்பவர்கள் மென்பொருளைத் திறக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் பின்கட்டில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரை உடைக்க அவருக்கும் மனசில்லை. நிலையோரமாகவே கேசிங் அடித்து வயரைக் கொண்டுவந்தார். அதன்பிறகு சுரீரும் இல்லை, ஹம்மும் இல்லை. விரல் பட்ட நொடியில் ஃபேடர் புரிந்துகொள்கிறது.

இன்னொன்று: ரீப்பரின் மிடி இன்புட் பட்டியலில் இதே கருவியைச் சாதாரண கீபோர்டு மாதிரி இயக்கி வைக்காதீர்கள். மிடி டிராக்கை ரெக்கார்டுக்குத் தயார் செய்திருந்தால், பட்டன் அழுத்தும்போதெல்லாம் நோட்டுகள் உள்ளே விழும்.

இப்போது வேலை நடக்கும் விதம். முதல் ஃபேடரில் அப்பத்தாவின் குரல். இரண்டாவதில் வளவில் தள்ளி வைத்த மைக். ஆத்தங்குடிக் கல் தரையிலும் உயர்ந்த கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அதில் இருக்கிறது. இரண்டு டிராக்கையும் ‘டச்’சில் வைத்துவிட்டுப் பாட்டை ஓடவிடுகிறேன். வரி முடிகிற இடத்தில் வலது கை குரலை ஒரு டெசிபல் தூக்க, இடது கை வளவைச் சேர்த்தே மேலே கொண்டுவருகிறது. அடுத்த வரி தொடங்கும்போது விரலை எடுத்தால் போதும், பழைய அளவுக்கு ஃபேடர் தானே இறங்கிவிடும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பாட்டைக் கேட்டு நகர்வது மவுஸில் நடக்காத காரியம்.

ஒரு பாட்டு திருப்தியாக வந்ததும் டிராக்குகளை ‘ரீட்’டுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ஃபேடர் நாம் செய்ததைத் தானே ஆடிக் காட்டும். தவறி விரல் பட்டாலும் பதிவு செய்த ஆட்டோமேஷன் அழியாது. நடுவில் கரண்டு போய் வந்து ஃபேடர்கள் வேறெங்கோ நின்றால், ஆக்‌ஷன் லிஸ்டில் கன்ட்ரோல் சர்ஃபேஸ்களை ‘ரிஃப்ரெஷ்’ செய்யும் கட்டளை இருக்கிறது. அதை ஒரு ஷார்ட்கட் கீயில் வைத்துக்கொள்ளுங்கள்.