அம்மா முடிந்து வைத்த வேண்டுதல்

துக்கம் விழுந்த வீட்டார் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா போன பிறகு நாங்களும் அப்படித்தான் இருந்தோம். வருஷத் திவசத்தைத் திருவரங்கம் அம்மா மண்டபத்தில், காவிரிக் கரையில் முடித்தோம். வீட்டுக்குத் திரும்பியதும் மகள் கேட்டாள்: "அம்மாச்சி வேண்டுதலை எப்பம்மா முடிக்கிறது?"

அந்த வேண்டுதல் எங்கள் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் முடிச்சாக இருந்தது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று சொன்ன அன்றே அம்மா பழைய வெள்ளைத் துணியில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து, காசு வைத்து முடிந்தாள். "தாய் வேற புள்ள வேறயா நல்லபடியா ஆகட்டும். தாயுமானவருக்கு வாழைத்தார் கொண்டாந்து குடுக்குறேன்" என்றாள். வளைகாப்புக்கு முன்னாலேயே போய்விட்டாள். குழந்தை பிறந்தபோது ஊரில் எல்லாரும் இருந்தார்கள், அம்மா இல்லை.

திருச்சி மலைக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு உச்சிப் பிள்ளையார்தான். அம்மாவுக்கு மலைக்கோட்டை என்றால் தாயுமானவர். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தினாவதி என்ற செட்டிப்பெண் திருச்சியில் நிறைமாதமாக இருக்கிறாள். பிரசவம் பார்க்கப் பூம்புகாரிலிருந்து அவளுடைய தாய் கிளம்பி வருகிறாள். வருகிற வழியில் காவிரியில் வெள்ளம். கரையைக் கடக்க முடியவில்லை. இங்கே பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து, பிரசவம் பார்த்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மருந்து அரைத்துக் கொடுத்து, வெள்ளம் வடிகிறவரை கூடவே இருந்தார். ஆறு வடிந்ததும் நிஜத் தாய் வந்து வாசலில் நிற்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு தாய்! எல்லாரும் திகைத்துப்போய்ப் பார்க்கும்போதே ஒருத்தி மறைந்துவிட்டாள். அன்றிலிருந்து செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்று பெயர். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். தாயுமானவர் என்று நாம் கொண்டாடும் அருட்கவிக்கும் இந்தச் சுவாமியின் பெயரைத்தான் பெற்றோர் வைத்தார்கள்.

அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு இடத்தில் மட்டும் நிறுத்துவாள். சிவன் வந்ததிலோ மறைந்ததிலோ இல்லை. "ஆறு வடியற வரைக்கும் கூடவே இருந்தார் பாரு" என்பாள். பிள்ளை பிறந்ததும் போயிருக்கலாம், போகவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிசு.

அதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு விவரம் தெரிகிற வயதுக்கு முன்பே அவளைப் பெற்றவள் போய்விட்டாள். தாய்முகம் என்று ஒன்று அவள் ஞாபகத்திலேயே கிடையாது. நான் பிறந்தபோது பிரசவ வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாளாம், இவள் கட்டிலைத் தவிர. பக்கத்துக் கட்டில் பெண்ணின் தாய்தான் தன் மகளுக்குக் கொண்டுவந்த ரசஞ்சாதத்தில் பாதியை இவளுக்குப் பிசைந்து கொடுத்தாள். ராத்திரி நான் அழுதால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்மணியின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது. "பேரு எதுக்கு? வந்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்வாள். அதை அவள் உவமையாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். நானும் நம்புகிறேன்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் தாயில்லாத பெண் ஒருத்தி பிரசவத்துக்கு நிற்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், அம்மா பையை எடுத்துவிடுவாள். நைந்த பருத்திப் புடவைத் துண்டுகள், வெந்நீர் ஃபிளாஸ்க், நல்லெண்ணெய், ஒரு விபூதிப் பொட்டலம், இவ்வளவுதான் பையில். காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டதால் பிறந்த வீடே திரும்பிப் பார்க்காத ஒரு பெண்ணுக்கு, ஆஸ்பத்திரியிலும் அப்புறம் வீட்டிலுமாக, குழந்தைக்குத் தலை நிற்கும்வரை கூட இருந்தாள். அப்பா அந்த நாட்களில் தானே சோறு வடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும் என்பதில் அம்மா கறார். கைவைத்தியம் எல்லாம் அதற்குப் பிறகு, உடம்பு தேற. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வால்மிளகு என்று நிறுத்து வாங்கி வந்து, வறுத்து, இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறுவாள். சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும்வரை அடுப்படியை விட்டு நகரமாட்டாள். லேகியத்தைக் கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, குளித்துத் தலை துவட்டிய பெண்ணின் வாயில் தானே போடுவாள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தால், "முழுங்கு முழுங்கு, பெத்தவ குடுத்தா துப்புவியா?" என்பாள். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் அம்மாவை 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை. இப்போது அந்தக் குரல்களைக் கேட்டால் நெஞ்சு நிறைகிறது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். காந்தி மார்க்கெட்டில் பூவன் தார் ஒன்று வாங்கினோம். பாதி பழுத்து, பாதி செங்காயாக, சீப்பு நெருக்கமாக இருந்தது. மாப்பிள்ளை துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்து அதன்மேல் தாரை ஏற்றிக்கொண்டார். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். என் கையில் அர்ச்சனைத் தட்டும் அந்த மஞ்சள் முடிச்சும்.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகர். முழங்கால் தேய்ந்துபோன கடைசி வருஷங்களில் அம்மா இவர் சன்னதியோடு நின்றுவிடுவாள். எங்களை மேலே அனுப்பிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பாள். "அவருக்குத் தெரியும் நான் கீழ இருக்கேன்னு." நாங்கள் திரும்பி வந்ததும் முதல் கேள்வி, "தார் நிறைய வந்திருந்துச்சா?" என்பதுதான். தார் நிறைய வந்திருந்தால் ஊரில் நிறைய பெண்கள் பிழைத்து எழுந்திருக்கிறார்கள் என்று அவளுக்குக் கணக்கு.

உச்சிவரை 417 படிகள். காவியும் வெள்ளையும் பட்டை அடித்த படிகள், மலையைக் குடைந்த மாதிரியான பாதை, வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் உள்ளே கல்லின் குளிர்ச்சி. மாப்பிள்ளை இரண்டு இடத்தில் தோள் மாற்றிக்கொண்டார். எங்களுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் புருஷன் கையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாள். பின்னால் வந்தவர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. இந்தக் கோயிலில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

தாயுமானவர் சன்னதி மேற்குப் பார்த்தது. கொடிமரம் சுவாமிக்குப் பின்பக்கம் இருக்கும். தன் நந்தவனத்துச் செவ்வந்திப் பூவைப் பறிகொடுத்த சாரமா முனிவர் முறையிட்டதால், அந்தப் பூவைச் சூடிய சோழ அரசன் இருந்த உறையூர் பக்கம் சுவாமி கோபத்தோடு திரும்பிவிட்டார் என்பது தலபுராணம். லிங்கம் பெரிய திருமேனி. தீபம் காட்டும்போது நெற்றியில் விபூதிப் பட்டை மட்டும் முதலில் துலங்கி, பிறகுதான் முழு உருவமும் கண்ணுக்குப் பிடிபடும். அம்பாளுக்கு மட்டுவார்குழலம்மை என்று பெயர். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சம்பந்தரின் 'நன்றுடையானை' பதிகம் அம்மாவுக்கு மனப்பாடம். லேகியம் கிளறும்போதெல்லாம் வாய் அதைத்தான் முணுமுணுக்கும்.

தாரைச் சன்னதியில் இறக்கி வைத்தார்கள். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்: "சாமி, வேண்டிக்கிட்டது எங்க அம்மாச்சி. அவங்க இப்ப இல்லை. அவங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணலாமா?"

குருக்கள் வயதானவர். "போனவா பேருக்கு அர்ச்சனை கிடையாதும்மா. குழந்தை பேருக்குப் பண்றேன், அவாளுக்கும் போய்ச் சேரும். குழந்தை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

மகள் பெயரைச் சொன்னாள். அம்மாவின் பெயர்தான். பிறந்த அன்றே வேறு பெயரை யாரும் யோசிக்கவில்லை. நட்சத்திரம் மட்டும் மாறியது. அம்மா அவிட்டம், குழந்தை ரோகிணி. கருவறைக்குள்ளிருந்து குருக்கள் குரலில் அந்தப் பெயர் ஒலித்தபோது நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகளும் அழுதாள். குழந்தை மட்டும் தீபத்தைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. அம்மா போட்டபடியே உண்டியலில் சேர்த்தேன். நடுவிரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

மேலே போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. சுவரில் கங்காதரர், சடையை விரித்துக் கங்கையைத் தாங்கி நிற்கிறார். ஆயிரத்து நானூறு வருஷத்துச் சிற்பம். ஆற்றையே தலையில் தாங்குகிற சுவாமிக்குக் காவிரி வெள்ளத்தை ஒரு சொல்லில் நிறுத்தத் தெரியாதா? நிறுத்தவில்லை. தானே அந்த வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டி மருந்து அரைத்தார். இந்தச் சிற்பத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு எப்போதும் அதுதான் தோன்றும். அம்மா புராணம் படித்தவள் இல்லை. ஆனால் இதை அவள் தன் உடம்பால் தெரிந்துவைத்திருந்தாள். கஷ்டத்தில் இருக்கிறவளிடம் போய்ப் பக்கத்தில் உட்காருவதுதான் அவளுக்குத் தெரிந்த பூஜை.

உச்சிப் பிள்ளையாரைச் சேவித்துவிட்டுச் சுற்றில் வந்தோம். தெரிந்த காட்சிதான்: காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவே திருவரங்கத்து ராஜகோபுரம், திருவானைக்காவல் தென்னந்தோப்புகள். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காற்றுக்குக் குழந்தை தூங்கிவிட்டது.

இறங்கும்போது பிரசாதமாகக் கிடைத்த பழங்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை, "வீட்டுக்குக் கொஞ்சம் வெச்சுக்கலாமா அத்தை?" என்றார். நாலு பழம் எடுத்துக்கொண்டோம். மற்றதை அம்மா செய்கிற வரிசைப்படியே கொடுத்தோம். முதலில் படி கூட்டும் பெண்கள், அப்புறம் பூக்கட்டுகிறவர்கள், அப்புறம் எதிரே வருகிற யாரானாலும். நடுப்படியில் உட்கார்ந்திருந்த அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு மகளே போய் ஒரு சீப்பு கொடுத்தாள். எத்தனையாவது மாதம், எந்த டாக்டர், துணைக்கு யார் என்று அவள் விசாரித்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அம்மாச்சி விசாரிப்பது போலவே இருந்தது. கடைசியில் இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். "தை மாசம்தான் தேதியாம்மா. லேகியம் கிளறிக் கொடுக்கணும், எனக்கு அளவு சொல்லிக் குடு" என்றாள்.