மார்ச் வரை நேரம் இருக்கிறது

ஜனவரி முடியப்போகிறது. எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணிக்கு இந்த சீசனில் இதுவரை வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். ஆனாலும் எனக்கு நம்பிக்கை போகவில்லை.

தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் கடைசி ஐந்து நிமிடம் வரை சரிக்குச் சரி நின்றோம். அப்புறம்தான் ஃப்ரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத வீச்சில், கோட்டைவிடுகிறோம். ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலில் இருந்து ‘ஒன் அண்ட் ஒன்’. முதல் வீச்சு தவறினால் இரண்டாவது கிடையாது. அங்கேதான் ஆட்டம் கைநழுவுகிறது. ஆட்களின் உயரத்தை மாற்ற முடியாது, ஆனால் இது பயிற்சியில் சரியாகிவிடும். ஆட்டத்தை நடத்திச் செல்லும் எங்கள் முதலாம் ஆண்டு பாயின்ட் கார்டும் இப்போது பதற்றமில்லாமல் பந்தைக் கொண்டுவருகிறான். அவன் ஆடுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

2024-ல் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக அணி வழக்கமான சீசனின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. பிறகு தங்கள் கான்ஃபரன்ஸான (கல்லூரி அணிகளின் குழு) ஏசிசியின் தொடரில் ஐந்து நாளில் ஐந்து வெற்றி, கோப்பை, அங்கிருந்து தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகளான ஃபைனல் ஃபோர் வரை போனார்கள்! 2011-ல் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் சீசனை 9 வெற்றி, 9 தோல்வி என்று முடித்துவிட்டு, நட்சத்திர வீரர் கெம்பா வாக்கர் தலைமையில் தேசிய சாம்பியனே ஆனது. மார்ச்சில் நடக்கும் கான்ஃபரன்ஸ் தொடரின் கோப்பையை வென்றால், அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடரான என்சிஏஏ தொடருக்கு நேரடி இடம். அந்தக் கதவு நமக்கும் திறந்தேதான் இருக்கிறது.

சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம். மாணவர் பகுதியில் ஒரு இருக்கைகூடக் காலியாக இருக்கக் கூடாது. சீக்கிரம் வந்துவிடுங்கள்.