விசாரிக்கப்படாத வழக்கு

வழக்குரை, அதாவது நாங்கள் தாக்கல் செய்த வழக்கு மனு, நிராகரிக்கப்பட்ட அன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டாங்களா சார்?”

“இல்லம்மா, அதை விசாரிக்கவே இல்லை.”

“விசாரிக்காமலேயேவா இத்தனை வாய்தா போட்டாங்க?”

என் பதில் சட்டப்படி சரியானது. மகனின் கடனுக்காக அவருடைய தேயிலை நிலத்தைச் சுவாதீனம் எடுக்க வந்ததை எதிர்த்து, உரிமையியல் நீதிமன்றத்தில் நான் அவருக்காகப் போட்ட வழக்கு அது. வங்கியும், அதனிடமிருந்து அந்தக் கடனை விலைக்கு வாங்கிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனமும், வழக்குரையைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7 விதி 11-இன் கீழ் மனு செய்தன. கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் 34ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தை விலக்குவதால், சாட்சி விசாரணைக்குப் போகாமலே வழக்கு முடிந்தது.

எனக்கு இது தெரியாததல்ல. சொத்தை எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன அறிவிப்பு ஒட்டப்பட்டால் 45 நாள்களுக்குள் கோயம்புத்தூரிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அவர் குன்னூரில் என் அலுவலகப் படியேறியபோது அதில் பத்து நாள்கள் மீதமிருந்தன. “கோயம்புத்தூரெல்லாம் நமக்கு ஆகாது சார், இங்கேயே பாருங்க” என்றார். பச்சைத் தேயிலை விற்ற காசில் பேருந்துக்கும் வக்கீலுக்கும் கணக்குப் பார்ப்பவரிடம், மலையிறங்கித்தான் ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பது முழு உண்மையா என்றும் தெரியவில்லை. தீர்ப்பாயத்தில் எனக்குப் பழக்கமில்லை, வழக்கு வேறொரு வக்கீலிடம் போயிருக்கும்.

மர்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்தது: கடன் கொடுத்தவரின் நடவடிக்கை மோசடியானது என்றால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். மகனின் கடனுக்காகத் தன்னிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று அம்மா சொன்னதை வைத்து, ‘மோசடி’ என்ற சொல்லை ஒரே ஒரு பத்தியில் சேர்த்தேன். யார் வாங்கினார், எந்தத் தேதியில் என்று கேட்டதற்கு, அன்று இலை எடை போட்ட நாள் என்பது மட்டுமே அவருக்கு நினைவிருந்தது. மோசடி என்றால் விவரமும் தேதியும் வேண்டும் என்கிறது கட்டளை 6 விதி 4. சாமர்த்தியமாக எழுதி இல்லாத வழக்குமூலத்தை, அதாவது வழக்குப் போடுவதற்கான அடிப்படையை, இருப்பதுபோலக் காட்டக் கூடாது என்று 1977இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியதை எதிர்த்தரப்பு வக்கீல் படித்தபோது, நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்த அம்மா சொன்னது பொய்யென்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. விவசாய நிலத்தின் மீதான பிணையத்துக்குச் சர்ஃபாசி சட்டம் பொருந்தாது என்று அதன் 31ஆம் பிரிவு சொல்வதால், அவருடைய ஒன்றரை ஏக்கர் தேயிலையை வைத்து வாதாட இடமிருந்தது. அதை எடுத்துச்சொல்ல வேண்டிய இடமும் தீர்ப்பாயம்தான்.

இப்போது அங்கேதான் போகிறோம். அதிகாரமில்லாத நீதிமன்றத்தில் செலவான காலத்தை அந்த 45 நாள் கணக்கிலிருந்து விலக்கக் காலவரையறைச் சட்டம் 14ஆம் பிரிவைக் காட்டி மனு தயாரித்திருக்கிறேன். ‘உரிய கவனத்தோடும் நல்லெண்ணத்தோடும்’ முந்தைய வழக்கை நடத்தியதாக அந்த அம்மா பிரமாணம் செய்ய வேண்டும். குமாஸ்தா தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளை அவரிடம் நீட்டினேன்.

“இதுல என்ன சார் எழுதியிருக்கு?” என்று கேட்டார். இந்த முறை வெற்றுத் தாளில்லை என்று காட்டுவதற்காக, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது மட்டும் என் குரல் வேகமாகிவிட்டது.