பிலோவீலாவில் ஒரு வீடு தேடி

மார்ச் 15, 2025, சனி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூரான இந்தப் பிலோவீலாவில் இன்று பார்த்தது குயின்ஸ்லாந்துப் பாணிப் பழைய பலகை வீடு. மரக்கால்களின் மேல் நிற்கிறது. தகரக் கூரை, மேற்குப் பார்த்த வராந்தா. வீட்டு முகவர் திறந்து விட்ட அரை மணி நேரமும் நான் பெரும்பாலும் வீட்டுக்கு அடியில்தான் குனிந்து கிடந்தேன். ஒவ்வொரு காலையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்துக் கால் 'டொக்' என்று வெறுமையாக ஒலித்தது. நகத்தால் கீறியதும் மரம் தாளாக உரிந்தது, உள்ளே மண்புற்று. கறையான். மேலே ஒரே ஓர் அறையில் குளிரூட்டி. விலை குறைவுதான், ஆனால் கறையானுக்கும் சேர்த்து நாம்தான் கட்ட வேண்டும்.

மார்ச் 19, புதன்

இந்த ஊரில் வாடகைக்கும் வீடு கிடைப்பதில்லை. அதற்குக் காரணம் ஊருக்கு வெளியே புகைபோக்கிகளோடு நிற்கிறது. 2021 மே 25 அன்று அந்தக் கலைட் நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு மின் உற்பத்தி அலகு வெடித்தது. குயின்ஸ்லாந்தில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் இருண்டன. அந்த அலகு திரும்ப ஓட 2024 ஆகிவிட்டது. பழுதுபார்ப்போ பராமரிப்போ, பெரிய வேலை வந்தால் வெளியூர்ப் பணியாளர்கள் வந்து இறங்குகிறார்கள். முதலில் மோட்டல்கள் நிரம்பும், பிறகு வீடுகள். அவர்கள் வாடகையை நிறுவனம் கொடுக்கிறது. இறைச்சி ஆலையில் கத்தி பிடிப்பவர் யாரோடு போட்டி போடுவது?

விளம்பரத்தில் கேட்ட வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, 12 மாதத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். இல்லாத வீட்டை அது கொண்டுவராது.

மார்ச் 23, ஞாயிறு

காலி மனை இருக்கிறதே, கட்டலாமே என்று மனைவி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆட்களும் சாமான்களும் கிளாட்ஸ்டோனிலிருந்தோ ராக்ஹாம்ப்டனிலிருந்தோ வர வேண்டும். இரண்டுமே நூறு கிலோமீட்டருக்கு மேல். கட்டி முடித்த வீட்டை மதிப்பிட்டால் செலவுக்கும் குறைவாக வருகிறது. வங்கி மதிப்பைப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும். மிச்சம் நம் கையிலிருந்து. முதல் வீடு கட்டுபவருக்கு அரசு தரும் 30,000 டாலரும் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். அதனால்தான் இங்கே புது வீடு அபூர்வம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று முதல் 2027 மார்ச் வரை, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க முடியாது. சில விலக்குகள் மட்டும் உண்டு. புது வீடு வாங்கலாமாம். ஆலையில் என்னோடு நிற்கும் தம்பி இரண்டு வருடமாகப் பணம் சேர்த்தவன். "அப்போ நான் எதை வாங்குவது, அண்ணா?" என்று இடைவேளையில் கேட்டான். சிட்னியை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. இங்கே அது கதவையே அடைத்துவிடுகிறது.

2018இல், இங்கே வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதிக் கோரிக்கையாளர்களான பிரியா, நடேஸ் குடும்பத்தை நாடுகடத்துவதற்காக அதிகாரிகள் விடியற்காலையில் கொண்டுபோனபோது இந்த ஊர் சும்மா இருக்கவில்லை. 2022இல் அவர்கள் திரும்பும்வரை போராடியது. வேலைக்கு ஆள் வேண்டும், குடும்பங்கள் தங்க வேண்டும் என்று விரும்புகிற ஊர் இது.

மே 3 நாடாளுமன்றத் தேர்தல். எங்கள் ஃப்ளின் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கப்போகிறேன்: சிற்றூர்களுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்குத் தருவீர்களா? கட்டுமானச் செலவுக்கும் வங்கி மதிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தை யார் நிரப்புவது? தம்பியும் கூட வருகிறேன் என்றான்.