புளி, வறுத்த தூள், கொஞ்சம் மாசி

போன வருடம் சித்திரை வருடப்பிறப்புக் கொண்டாட்டம் முடிந்த கையோடு இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. இரத்தத்தில் இருக்கும் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் கணக்கு அது, 5.7 இலிருந்து 6.4 வரை வந்தால் நீரிழிவுக்கு முந்தின படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் பிடித்துவிட்டது, அவர் மாத்திரைப் பையோடு மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் உப்புவெளிக்கு பஸ் ஏறும்போது நன்றாகப் பயந்துவிட்டேன்.

பயத்தில் அடுத்த நாளே சமையலைத் தலைகீழாக்கினேன். அவித்த மரக்கறி, உப்பில்லாத பருப்பு, மஞ்சள் மட்டும் போட்டு அவித்த மீன், தேங்காய்ப்பால் அறவே இல்லை. ஆறு நாள் தாக்குப்பிடித்தது. ஏழாம் நாள் மத்தியானம் அம்மா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளை, நான் வருத்தக்காரிதான், ஆனா இந்தச் சாப்பாடு வருத்தத்தைவிடக் கஷ்டமாக் கிடக்கு" என்றார். அன்று இரவு எல்லாருமாகக் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். ஆறு நாள் நாக்கைக் காயப்போட்டதால் வந்த பசி அது, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். எழுபது வயதிலும் ஆசையோடு சாப்பிடக்கூடிய சாப்பாடாக இருந்தால்தான் இது எனக்கு உதவும். ஒரு மாதத்துக்கு மட்டும் பல்லைக் கடித்துச் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது.

முதலில் உப்பைக் கணக்குப் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எங்கள் வீட்டில் நாலு பேர், நாளைக்கு 20 கிராம், அப்படியென்றால் 400 கிராம் உப்புப் பக்கெற் 20 நாளாவது வரவேண்டும். எங்களுக்குப் பதினொரு நாளில் முடிந்துகொண்டிருந்தது. (மீன் கழுவ எடுக்கும் உப்பைத் தனிப் போத்தலில் வைத்துவிட்டுத்தான் எண்ணினேன்.) பாணிலும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் இருக்கிற உப்பு இந்தக் கணக்கிலேயே இல்லை.

உப்பைக் குறைத்தால் சுவை போய்விடும் என்று நானும் நினைத்தேன். ஆனால் நம்முடைய கறிகளில் சுவையைத் தூக்கிப் பிடிப்பது புளியும் வறுத்த தூளின் வாசமும்தான், அவை இரண்டும் சரியாக இருந்தால் உப்புக் குறைந்தது தெரியவே தெரியாது. இதை எனக்குக் காட்டித் தந்தது கீரிமீன் குழம்பு.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கக் கடல் குளம்போலக் கிடக்கும், கரைவலை இழுத்து முடியும் நேரம் விடியற்காலையில் போனால் கீரியும் சூடையும் கண் மினுங்க மினுங்கக் கிடைக்கும். பெரிய மீனின் விலையில் பாதிகூட இல்லை, இதயத்துக்கு நல்லதென்று சொல்கிற ஒமேகா-3 கொழுப்பும் இந்தச் சின்ன மீன்களில் நிறைய. வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கிற காலத்தில் கடல் கொந்தளிக்கும், அப்போது கிடைக்கிறதை வாங்க வேண்டியதுதான்.

மண்சட்டியில் பழப்புளிக் கரைசல், கீறிய சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை வெந்தயம், கறிவேப்பிலை. இரண்டு தேக்கரண்டி வறுத்த தூள். வெங்காயம் வெந்து, பச்சை வாசம் போய், தூளின் மணம் முற்றத்துக்கு வரும்வரை கொதிக்கட்டும். அதற்குப் பிறகு அரைக் கோப்பை இரண்டாம் பால், மீன். அகப்பை போடக்கூடாது, மீன் உடைந்துவிடும், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். முன்பெல்லாம் தொடக்கத்திலேயே உப்பைப் போட்டுவிட்டு, இறக்கும்போது ருசி பார்த்து இன்னும் கொஞ்சம் போடுவேன். இப்போது கடைசியில் மட்டும்தான் போடுகிறேன். புளி நன்றாக இறங்கியிருப்பதால் முன்பு போட்டதில் பாதியே போதுமாக இருக்கிறது. அம்மா முதல் நாள் இந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

தூளைப் பற்றி ஒன்று. மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக, மெல்லிய நெருப்பில் வறுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரேயடியாக அரைத்து வைக்கவேண்டாம். வாசம் போன தூளைத்தான் உப்பாலும் எண்ணெயாலும் ஈடுகட்டப் பார்க்கிறோம். நான் இரண்டு கிழமைக்கு வேண்டியதை மட்டும் இடித்துப் போத்தலில் இறுக்கி மூடி வைக்கிறேன்.

கருவாட்டின் இடத்தில் மாசி வந்தது. சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைப்பதால் கருவாட்டில் ஏறுகிற அளவு உப்பு அதில் ஏறுவதில்லை, ஆனால் ஒரு தேக்கரண்டி மாசித்தூள் வல்லாரைச் சம்பலையே வேறொன்றாக்கிவிடும். முருங்கையிலை வறைக்கும் அதே தூள்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், பிறகு இலை, மூடாமல் மூன்று நிமிடம், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. முன்பு அரைத் தேங்காயைத் துருவிக் கொட்டுவேன், இலையின் ருசியே தெரியாது.

சோறு தம்பலகாமத்துச் சிவப்பரிசி, தவிடு போகாதது. மூன்று அகப்பை போட்ட இடத்தில் ஒன்றரை, மிச்ச இடத்தில் வறையும் ஒரு மரக்கறியும். முதலில் வறையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கைவைப்பது நல்லது, சீனி அவ்வளவு சடுதியாக ஏறாது. இரவுச் சோறு மிஞ்சினால் காலையில் கிண்ணியாத் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு பழஞ்சோறு. ஆறின சோற்றில் மாச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத மாதிரி மாறிவிடும், அதுவும் நமக்கு நல்லதுதான்.

தேத்தண்ணிதான் என்னைக் கஷ்டப்படுத்தியது. நாளைக்கு நாலு தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி சீனி, முப்பது கிராமுக்கு மேல். இப்போது பிளேன்ரீயில் இஞ்சி தட்டிப் போட்டு, பனங்கட்டியில் ஒரு சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்கிறேன். பனங்கட்டியும் சர்க்கரைதான், அதில் யாரும் ஏமாறவேண்டாம், ஆனால் கரைத்துக் குடிப்பதைவிடக் கடித்துக் குடிக்கும்போது மிகக் குறைவாகவே போகிறது.

ஒரு வருடம் கழித்து 5.8. அம்மாவின் மாத்திரைகள் கிளினிக்கில் சொன்னபடியே தொடர்கின்றன, அதில் நாங்கள் கைவைக்கவில்லை. உப்புப் பக்கெற் இப்போது பதினெட்டு நாள் வருகிறது.

இடியப்பம் மட்டும் இன்னும் சரிவரவில்லை. தனிக் குரக்கன் மாவில் பிழிந்தால் உடைந்து உதிர்கிறது, சிவப்பரிசி மாவோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஓரளவு நிற்கிறது, கொதிநீரின் சூட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். சொதிக்கு முதற்பாலைப் பாதியாகக் குறைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் கொஞ்சம் கூடுதலாகப் பிழிகிறேன். இந்த வெள்ளிக்கிழமை மாவை இன்னும் கொஞ்சம் வறுத்துப் பார்க்கப்போகிறேன். உங்கள் வீட்டில் உடையாமல் வருகிறதென்றால் எப்படிக் குழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.