குதிரை பார்த்த பையன்

சிலியைப் பிடிக்க வந்த ஸ்பானியத் தளபதி பெத்ரோ தே வால்திவியாவிடம் சிறுவயதிலேயே சிக்கியவன் லவுத்தாரோ, அந்த மண்ணின் பூர்வகுடியான மாபுச்சே இனத்துப் பையன். குதிரைகளோடு குதிரையாகக் கிடந்ததில் ஒன்று புரிந்துவிட்டது: அதற்கும் மூச்சு வாங்கும், கால் சோரும். தப்பி ஓடித் தன் ஆட்களிடம் சேர்ந்தான்.

1553 டிசம்பர், துகாபெல் கோட்டையில் சண்டை. மாபுச்சேக்கள் தங்கள் மொத்தக் கூட்டத்தையும் ஒரேயடியாக இறக்காமல் அணி அணியாக மாற்றி மாற்றி அனுப்பினார்கள். குதிரைகள் களைத்தன. வால்திவியா உயிரோடு திரும்பவில்லை. (பொன்னை உருக்கி வாயில் ஊற்றினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை வாசனை அடிக்கிறது.)

1557-ல் லவுத்தாரோவும் கொல்லப்பட்டான். சண்டை ஓயவில்லை. 1641-ல் கிலினில் உட்கார்ந்து பேசி, பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே மாபுச்சே நிலம்தான் என்று ஸ்பெயினே ஒத்துக்கொண்டது.

அதைக் கடைசியில் பிடுங்கியது யார்? ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கிய சிலி. 1861-ல் தொடங்கி 1883-ல் முடித்தார்கள்.