திருகோணமலையிலிருந்து போட்டோ எடிட்டிங் பழகிய அனுபவம்

"எந்த சொஃப்ட்வெயரில் எடிட் பண்ணுகிறீர்கள் அக்கா?" என்றுதான் என் படங்களைப் பார்க்கிற பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். கிம்ப் என்பேன், ரோ ஃபைல் (கமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) என்றால் டார்க்டேபிள் என்பேன். அடுத்து, "எங்கே பழகினீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் அண்ணா லீவுக்கு வந்தபோது தன்னுடைய கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் படம் எடுக்க இடத்துக்கா குறை? கிழக்குக் கரை என்பதால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சூரியன் கடலுக்குள்ளிருந்தே எழும்பி வரும். கோட்டைக்குள் மான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் நிற்கும். அதைத் தாண்டி மேலே ஏறினால் கோணேசர் கோயில், கீழே செங்குத்துப் பாறை, கடல். ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கினால் முகத்தில் பாதி இருட்டாகிவிடும், கடற்கரை மணல் வெள்ளை வெளேரென்று எரிந்துபோகும். தூரத்துக் காட்சிகள் உப்புக்காற்றில் வெளிறிக் கிடக்கும். இவற்றைச் சீராக்கப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் போனது டவுனில் நடந்த ஒரு கிராபிக் டிசைன் வகுப்புக்கு. சொல்லித் தந்தவர் பொறுமைசாலி, கேட்டதை முகம் சுளிக்காமல் திரும்பக் காட்டுவார். ஆனால் பாடம் முழுவதும் கடைக்குத் தேவையான வேலை: விசிட்டிங் கார்ட், பிறந்தநாள் பனர், ஆளை வெட்டி எடுத்துப் பனிமலைக்கு முன்னால் நிறுத்துவது. தொழில் தேடுகிறவர்களுக்கு அது கட்டாயம் உதவும். ஒரு படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து இதில் என்ன குறை என்று கண்டுபிடிக்க அங்கே இடம் இருக்கவில்லை.

அங்கே இருந்தது பழைய போட்டோஷொப். ஒருமுறை காசு கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பெரிய பதிப்பு 2012 இல் வந்த சிஎஸ்6. 2013 முதல் அடோபி மாதச் சந்தா முறைக்குப் போய்விட்டது. அந்தச் சந்தாவோ டொலர் கணக்கு. 2022 மார்ச்சில் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்ட காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் ஊர் முழுக்கக் கள்ளப் பிரதிகள்தான். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வைரஸ் பயம் ஒரு பக்கம். பாடத்தில் காட்டுகிற வசதி நம்முடைய பிரதியில் இருக்காது என்பது இன்னொரு பக்கம். இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கிற கிம்ப்பையே பழகுவது என்று முடிவெடுத்தேன். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கி, 1996 இல் முதன்முதலில் வெளியான மென்பொருள் அது. இன்றுவரை உலகம் எங்கும் இருந்து ஆட்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

அப்புறம் யூடியூப். பகல் டேட்டா கட்டுப்படியாகாது, நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கிற இரவு டேட்டாவில்தான் வீடியோக்களை இறக்கி வைப்பேன். தமிழில் தேடினால் கனக்க வரும், பெரும்பாலும் தமிழ்நாட்டு நண்பர்கள் போட்டவை. நல்ல மனதோடு சொல்லித் தருகிறார்கள். ஆனால் பத்தில் எட்டு, "ஒரே கிளிக்கில் முகம் பளிச்!" என்ற வகை. ஒரு கறுத்த பிள்ளையின் படத்தை எடுத்து, தோலை மெழுகி, நிறத்தை இரண்டு மூன்று படி வெளுக்க வைத்து, "இப்ப பாருங்க எவ்வளவு அழகு" என்பார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் சுட்டது. எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் திருத்த வேண்டிய பிழை எதுவும் இல்லை. கறுத்த தோலில் வெளிச்சம் விழும்போது நெற்றியிலும் கன்னத்திலும் வரும் அந்த மினுக்கத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் எடிட் பண்ணுகிறவரின் வேலை. அதைச் சொல்லித் தருகிற பாடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தில்தான் பாடங்களை எடைபோடப் பழகினேன். செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் "ஏன்" என்று சொல்கிறாரா, பயிற்சிப் படத்தை நமக்கும் தருகிறாரா, எந்தப் பதிப்பில் செய்கிறார் என்று சொல்கிறாரா என்று பார்ப்பேன். முதலாவது இல்லை என்றால் மற்ற இரண்டும் இருந்தும் பயனில்லை. ஆங்கிலம் விளங்கும் என்றால், இந்தியாவைச் சேர்ந்த உன்மேஷ் டிண்டா நடத்தும் பிக்ஸிம்பர்ஃபெக்ட் சேனலை மனதாரச் சொல்வேன். அவர் காட்டுவது போட்டோஷொப்பில்தான். ஆனால் லேயரும் (படத்தின் மேல் போடும் அடுக்கு) மாஸ்க்கும் (அந்த அடுக்கில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று மறைக்கும் திரை) எப்படி வேலை செய்கின்றன என்பதை அடிமுதல் விளக்குவார், அதை அப்படியே கிம்ப்புக்குக் கொண்டுவரலாம். கிம்ப்புக்கென்றே என்றால் டேவிஸ் மீடியா டிசைன் என்ற சேனல்.

தமிழில் எனக்குக் கிடைத்த உருப்படியான தொடர், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் இருக்கும் கிம்ப் பாடங்கள். ஜெர்மனியின் ப்ரேமன் நகரத்தில் இருந்து ரோல்ஃப் ஸ்டைனோர்ட் என்பவர் செய்த 'மீட் த கிம்ப்' வீடியோக்களைத் தமிழ்க் குரலோடு தந்திருக்கிறார்கள். இலவசம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் கிம்ப். அவர் செய்வதை நிறுத்தி நிறுத்தி நாமும் செய்ய வேண்டும். அந்தத் திட்டத்தின் முறையே அதுதான். கேர்வ்ஸ் என்ற வளைகோட்டை எனக்கு விளங்கவைத்தது இந்தத் தொடர். கோட்டின் இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம், எந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறோமோ அந்த அளவு வெளிச்சமுள்ள பகுதிகள்தான் அதிகம் மாறும். இது விளங்கிய இரவு, இருந்த படங்களை எல்லாம் திறந்து இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. அந்த வீடியோக்கள் பழைய கிம்ப்பில் செய்தவை. அதில் கருவிப்பெட்டி ஒரு ஜன்னல், படம் இன்னொரு ஜன்னல் என்று தனித்தனியாக மிதக்கும். 2012 இல் வந்த 2.8 இல்தான் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் வைக்கும் வசதி வந்தது. பிறகு 2.10 பதிப்புகளில் கருவிகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கூட்டி மறைத்துவிட்டார்கள். வீடியோவில் தெரிகிற கருவி நம் திரையில் காணாமல் போனதுபோல் இருக்கும். ப்ரிஃபரன்ஸஸில் டூல்பொக்ஸ் பகுதிக்குப் போய் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். 2025 மார்ச்சில் 3.0 வந்து, ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பப் போய் அதை மாற்றக்கூடிய வசதியைத் தந்திருக்கிறது. அதனால் எந்த வீடியோவாக இருந்தாலும், தொடங்க முன் அது வந்த ஆண்டைப் பாருங்கள்.

மெனுவைத் தமிழுக்கு மாற்றவும் முடியும். நான் ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டேன், பாடங்கள் எல்லாம் ஆங்கில மெனுப் பெயர்களைத்தான் சொல்கின்றன. கிம்ப்பின் சொந்தக் கையேட்டையும் ஒருமுறை இறக்கிக் கணினியில் போட்டுவிடுங்கள். எந்த மெனு விளங்கவில்லையோ அதன் மேல் மவுஸை வைத்து எஃப்1 ஐ அழுத்தினால் அதற்கான பக்கம் திறக்கும். டேட்டா இல்லாத நாட்களில் எனக்கு ஆசிரியர் அதுதான்.

மென்பொருளைத் தாண்டி வெளிச்சத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா இரவு ஒன்றில். அம்மா அரக்குச் சிவப்புப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். மின்விளக்குச் சோடனையின் செம்மஞ்சள் ஒளி அதன் மேல். கமரா காட்டிய ஹிஸ்டோகிராமில் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபில்) வெளிச்சம் அளவாகத்தான் இருந்தது. வீட்டில் பார்த்தால் சேலையின் மடிப்பு, ஜரிகைக்குப் பக்கத்து நெசவு எதுவும் தெரியவில்லை. மொத்தமும் ஒரே சிவப்புத் திட்டு. எந்த வீடியோவிலும் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் கேம்பிரிட்ஜ் இன் கலர் என்ற இணையத்தளத்தில் விளங்கியது. ஒரு படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தடங்களால் ஆனது. செம்மஞ்சள் விளக்கின் கீழ் சிவப்புச் சேலை என்றால் சிவப்புத் தடம் மட்டும் உச்சியில் முட்டிவிடும், மற்ற இரண்டும் தாழ்ந்தே நிற்கும். மூன்றையும் சேர்த்துக் காட்டுகிற கோட்டில் அது தெரியாது, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிம்ப்பில் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பை மட்டும் தேர்ந்தபோது, வரைபு வலப்பக்கச் சுவரில் ஒட்டிக் குவிந்து கிடந்தது. கமரா சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் அந்த மடிப்புகள் திரும்ப வராது. ரோ ஃபைலையும் சேர்த்து எடுத்திருந்ததால் பாதிக்கு மேல் மீட்க முடிந்தது. இப்போது திருவிழா என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்கிறேன். அந்தத் தளம் எந்த மென்பொருளையும் சார்ந்ததல்ல, எழுத்தும் படங்களும் மட்டும் என்பதால் டேட்டாவும் குறைவு.

கிம்ப் தானாக ரோ ஃபைலைத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ரோதெரபி கணினியில் இருந்தால் அதனிடம் அனுப்பிவிடும். நான் டார்க்டேபிளைப் பிடித்துக்கொண்டேன். மூலப் படத்தை அது தொடவே தொடாது. நாம் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். பழகுகிறவருக்கு அது பெரிய தைரியம். ஆனால் பாடங்கள் பழசாகிப் போவது இங்கே இன்னும் மோசம். ரோ ஃபைலின் வெளிச்சத்தையும் இருட்டையும் திரைக்கு ஏற்றபடி அமைக்க, பழைய வீடியோக்கள் எல்லாம் பேஸ் கேர்வ் என்ற முறையில் தொடங்கும். 2019 டிசம்பரில் வந்த 3.0 ஃபில்மிக் ஆர்ஜிபி என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு 3.4 இல் நிறச் சமநிலைக்கும் கலர் கலிப்ரேஷன் என்ற புதிய பகுதி வந்தது. பழையதையும் புதியதையும் கலந்து செய்தால் படம் கெட்டுவிடும். ப்ரூஸ் வில்லியம்ஸ் என்பவரின் 'அண்டர்ஸ்டாண்டிங் டார்க்டேபிள்' தொடர் நிதானமானது, நான் அதில் பிந்திய பாகங்களை மட்டும் பார்த்தேன். அதற்கும் மேலாக டார்க்டேபிளின் சொந்தக் கையேடு. அதில் வேலையின் ஒழுங்கைச் சொல்கிற பகுதியை முதலில் படியுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் விளக்குகிற பகுதிகள் பிறகு பார்க்கலாம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், பிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர். கணினி தெரியாது. என் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, முகத்துக்கு வெளிச்சம் போதாது. ஆனால் முழுப் படத்தையும் கூட்டாதே, பின்னால் வானம் போயிடும்" என்றார். பிறகு மேசை விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கையைக் குவித்து நிழல் விழுத்திக் காட்டினார். இருட்டறையில் தாளின் மேல் வெளிச்சம் விழும்போது முகம் வருகிற இடத்தைக் கையால் மறைத்தால் அந்த இடம் வெளிச்சமாக வரும். மற்றதை மறைத்துவிட்டு ஒரு இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தால் அது கறுக்கும். கையை ஒரே இடத்தில் வைத்திருக்கக்கூடாது, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிழலின் ஓரம் படத்தில் கோடாக விழும். கிம்ப்பில் இருக்கும் டொட்ஜ்/பேர்ன் என்ற கருவி அந்தக் கை வேலைதான். நான் இப்போது செய்வது, ஐம்பது வீதச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு, அதை சொஃப்ட் லைட் முறைக்கு (சாம்பல் தெரியாது, வெள்ளை கீழே உள்ள படத்தை வெளிச்சமாக்கும், கறுப்பு இருட்டாக்கும்) மாற்றி, மிக மெல்லிய தூரிகையால் வெள்ளை அல்லது கறுப்பைத் தடவுவது. ஓரம் தெரியாமல் தடவ வேண்டும் என்பது ஐயாவின் கையைப் பார்த்துப் பழகியது.

படத்தின் மேல் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் ஊரில் இன்னும் பாமினி எழுத்துருதான் பழக்கம், பழைய போட்டோஷொப்பில் யூனிகோட் தமிழ் (இன்று ஃபோனிலும் இணையத்திலும் எழுதுகிற முறை) கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வரும் என்பது காரணம். கிம்ப்பில் அந்தத் தொல்லை இல்லை. யூனிகோட் எழுத்து ஒழுங்காக விழும்.

இறக்கி வைத்த பாடங்களையும் கையேடுகளையும் அந்தச் சிவப்புச் சேலைப் படத்தின் ரோ ஃபைலையும் ஒரு பென்ட்ரைவில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவும் சம்மதித்துவிட்டார். பழக வருகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து, ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் திறந்து என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்கிறேன். டார்க்டேபிள் போட விரும்புகிறவர்கள் இறக்க முன் ஒன்றைச் செய்யுங்கள்: அவர்களுடைய இணையத்தளத்தில் கமராப் பட்டியல் இருக்கிறது, உங்களுடைய மொடல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கமரா கம்பனியே இலவசமாகத் தருகிற மென்பொருளில் தொடங்கலாம். கெனோனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபெஷனல், நிகோனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ.